கொழிஞ்சாம்பாறைத் தோட்டத்தில் ஒரு தண்ணீர்ச் சோதனை மேசை: இதுவரை செய்து பார்த்தது

பாலக்காடு மாவட்டத்தில் எங்கள் பக்கம் போர் தண்ணீரில் சோப்பு நுரைக்காது, பருப்பு வேக நேரமாகும், சொட்டுநீர்க் குழாயின் வாயில் வெள்ளையாகக் கல் பிடிக்கும். ‘உப்புத் தண்ணி’ என்று ஒரே வார்த்தையில் எல்லோரும் முடித்துவிடுகிறோம். எவ்வளவு உப்பு, எந்த வகை உப்பு என்று நானே அளந்து பார்க்க ஆசைப்பட்டுத்தான், தென்னந்தோப்பு வீட்டின் பின்திண்ணையில் ஒரு சிறிய ஆய்வக மேசை போட்டேன். நீரின் கடினத்தன்மையை, அதாவது அதில் கரைந்துள்ள கால்சியம், மக்னீசியம் உப்புகளின் அளவை, இப்போது ஓரளவு நம்பிக்கையோடு சொல்ல முடிகிறது.

சாமான்களைக் கோயம்புத்தூரில் வாங்கினேன். பெட்டிகளில் பாதிக்கு மேல் அம்பாலா முகவரி இருந்தது. ஹரியானாவின் அந்த ஊர்தான் நம் பள்ளி ஆய்வகங்களுக்கு நெடுங்காலமாகக் கருவிகள் செய்து அனுப்புகிறது. சூடு படும் பாத்திரங்களை மட்டும் போரோசிலிகேட் கண்ணாடியாகப் பார்த்து வாங்கினேன். சாதாரண ஜன்னல் கண்ணாடி சூட்டில் விரிவதில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் இது விரியும். அதனால் அடுப்பிலிருந்து இறக்கும்போது சட்டென்று விரிசல் விடாது.

வந்ததும் முதலில் செய்தது பாத்திரங்களைச் சோதித்தது. எல்லாவற்றிலும் 50 மில்லி என்று கோடு இருக்கிறது. எல்லாக் கோடும் ஒரே 50-ஐச் சொல்கிறதா? 0.01 கிராம் காட்டும் சின்ன டிஜிட்டல் தராசை வைத்துக்கொண்டு ஒவ்வொன்றிலும் கோடு வரை நீர் ஊற்றி எடை போட்டேன். 27 டிகிரியில் 50 மில்லி நீர் தராசில் ஏறக்குறைய 49.8 கிராம் காட்ட வேண்டும். பீக்கர் 47.1 காட்டியது. கூம்புக் குடுவை 52.6. அளவு ஜாடி 49.5. ஒரே அளவை உறிஞ்சி எடுத்து விடும் கண்ணாடிக் குழாயான 25 மில்லி பிப்பெட்டில் இரண்டு முறை எடுத்து விட்டது 49.77.

பீக்கரைக் குறை சொல்லக் கூடாது. அதன் மேலேயே ‘±5%’ என்று அச்சிட்டிருக்கிறார்கள், இது அதைச் சற்றே தாண்டுகிறது, அவ்வளவுதான். அது கலக்க, கரைக்க, சூடாக்க, ஊற்றிவைக்க உள்ள பாத்திரம். கோடு ஒரு குத்துமதிப்புக்குத்தான். கூம்புக் குடுவையும் அப்படியே. ஜெர்மன் வேதியியலாளர் எர்லன்மேயர் 1860-களின் தொடக்கத்தில் அறிமுகப்படுத்திய அந்த வடிவத்தின் பயன், கழுத்தைப் பிடித்து வேகமாகச் சுழற்றினாலும் உள்ளே இருப்பது வெளியே சிந்தாது என்பது. அளக்க வேண்டிய இடத்தில் அளவு ஜாடி, துல்லியமாக அளக்க வேண்டிய இடத்தில் பிப்பெட்டும், அடியில் திருகு உள்ள அளவுக் குழாயான பியூரெட்டும், கழுத்தில் ஒரே கோடு உள்ள தரக்குடுவையும். இந்தப் பிரிவு மனதில் பதிந்துவிட்டால் ஆய்வகத்தில் பாதிக் குழப்பம் போய்விடும் என்று நினைக்கிறேன். பள்ளியில் பெயரும் பயனும் மனப்பாடம் செய்ய வைக்கிறார்கள். ஒரு தராசைக் கொடுத்து இந்தச் சோதனையைச் செய்யச் சொன்னால் பிள்ளைகள் வாழ்நாளுக்கும் மறக்க மாட்டார்கள்.

பிப்பெட்டைப் பற்றி இன்னொன்று. வடிந்து முடிந்த பிறகும் நுனியில் ஒரு சொட்டு தங்கும். அதை ஊதி வெளியே தள்ளக் கூடாது. நுனியைக் குடுவையின் உட்சுவரில் தொட்டு எடுத்தால் போதும். அந்தத் தங்கும் சொட்டைக் கழித்துத்தான் கோடே போட்டிருக்கிறார்கள். கண்ணாடியில் ‘எக்ஸ்’ என்று பொறித்திருந்தால் வெளியே விடும் அளவு சரி, ‘இன்’ என்றிருந்தால் உள்ளே கொள்ளும் அளவு சரி. தரக்குடுவையில் ‘இன்’ இருக்கும். வாயால் உறிஞ்சும் பழைய பழக்கம் வேண்டவே வேண்டாம், ரப்பர் பல்பு விலை அதிகமில்லை.

சரி, கரைசலுக்கு வருவோம். கடினத்தன்மை பார்க்க, கால்சியத்தையும் மக்னீசியத்தையும் பிடித்துக்கொள்ளும் ஈடிடிஏ என்ற ரசாயனத்தின் 0.01 மோலார் (லிட்டருக்கு 0.01 மோல்) கரைசல் வேண்டும். டைசோடியம் ஈடிடிஏ உப்பு ஒரு லிட்டருக்கு 3.72 கிராம். கால் லிட்டர் போதுமே என்று முதலில் தோன்றும். அதற்கு 0.93 கிராம்தான் நிறுக்க வேண்டும். என் தராசில் கடைசி இலக்கம் ஒன்று தடுமாறினாலே நூற்றில் ஒரு பங்கு போய்விடும். லிட்டராகச் செய்தால் அதே தடுமாற்றம் ஏறக்குறைய 0.27 சதவீதம்தான். அதனால் ஒரு லிட்டர் தரக்குடுவையே வாங்கினேன். பீக்கரில் முழுக்கக் கரைத்து, புனல் வழியாகக் குடுவைக்கு மாற்றி, பீக்கரையும் கண்ணாடிக் குச்சியையும் அலசிய நீரையும் அதிலேயே சேர்த்து, கழுத்துக் கோட்டை நெருங்கியதும் சொட்டு சொட்டாக நிரப்ப வேண்டும். தரக்குடுவையை அடுப்பில் வைக்கக் கூடாது, அதன் அளவே கெட்டுவிடும்.

டிஸ்டில்ட் வாட்டர் பேட்டரிக் கடையில் வாங்கியது. அதை நம்பலாமா என்பதற்கும் ஒரு வழி கிடைத்தது. அம்மோனியா பஃபரும் (காரத்தன்மையை மாறாமல் நிறுத்தும் கரைசல்) எரியோகுரோம் பிளாக் டி நிறங்காட்டியும் போட்டால், கால்சியம் மக்னீசியம் இல்லாத நீர் நேராக நீலமாக வரும். இருந்தால் ஒயின் சிவப்பு. நான் வாங்கிய பாட்டில் நீலம் காட்டியது. நிறங்காட்டியைக் கரைசலாக வைத்தால் சீக்கிரம் கெடும். சமையல் சோடியம் குளோரைடை விடச் சுத்தமான ரசாயனக் கடை உப்போடு, ஒன்றுக்கு நூறு என்று அரைத்துப் பொடியாக வைத்திருக்கிறேன். பஃபர் பாட்டிலை வெளித்திண்ணையில் காற்று வரும் இடத்தில்தான் திறப்பேன். அம்மோனியா நெடி கண்ணைக் கரிக்கும்.

பிளஸ் டூ படிக்கும் தம்பி மகள் விடுமுறையில் வந்தபோது பியூரெட்டை அவளிடம்தான் கொடுத்தேன். பள்ளியில் அவளுக்குப் பழகிய வேலை. தாங்கியில் மாட்டியதும் முதலில் ஈடிடிஏ கொஞ்சம் ஊற்றி உள்ளே அலசிக் கொட்டினாள்.

“குடுவையையும் இதாலேயே அலசிரலாமா?” என்று கேட்டேன்.

“ஐயோ வேண்டாம் பெரியப்பா. பியூரெட்ல தண்ணி ஒட்டியிருந்தா கரைசல் நீர்த்துப்போகும், அதனால இதை ஊத்தி அலசறோம். குடுவைல ஈடிடிஏ ஒட்டியிருந்தா அதுவும் கணக்குல சேர்ந்துக்கும். அதுக்கு டிஸ்டில்ட் வாட்டர் மட்டும்தான்.”

திருகுக்குக் கீழே நுனியில் காற்றுக்குமிழி நின்றது. முழுக்கத் திறந்து ஒரு வீச்சில் விட்டதும் போனது. அது அங்கேயே இருந்து நடுவில் வெளியேறினால் அந்த இடத்தையும் கரைசலாகக் கணக்கில் எடுத்திருப்போம். அளவைக் கண் மட்டத்தில், பிறைத்தளத்தின், அதாவது குழாய்க்குள் வளைந்து நிற்கும் நீர்மட்டத்தின், அடிப்பகுதியில் படித்தோம். பின்னால் பாதி கறுப்பு அடித்த வெள்ளை அட்டையைப் பிடித்தால் அந்த வளைவு மை போட்டது போல் தெளிவாகத் தெரிகிறது. பெர்மாங்கனேட் மாதிரி அடர் நிறக் கரைசலுக்கு மட்டும் மேல் விளிம்பைப் படிக்கச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள் என்றாள். அடிப்பகுதி கண்ணுக்குத் தெரியாதே, நியாயம்தான்.

நிறம் மாறும் இடம்தான் இதில் அழகு. இடது கையில் திருகு, வலது கையில் பஃபரும் நிறங்காட்டியும் போட்ட நீர் உள்ள குடுவை. சிவப்பு கொஞ்ச நேரம் அசையாமல் நிற்கும், அப்புறம் ஊதா எட்டிப் பார்க்கும். அங்கிருந்து ஒவ்வொரு சொட்டுக்கும் நிறுத்திச் சுழற்ற வேண்டும். சிவப்பின் சாயல் கடைசியாக விலகித் தெளிந்த நீலம் வந்த சொட்டோடு திருகை மூட வேண்டும். அடியில் வெள்ளைத் தாள் இல்லாமல் இதைப் பார்க்க முடியாது.

கணக்கு எளிது. இந்த ஈடிடிஏ 1 மில்லி, 1 மில்லிகிராம் கால்சியம் கார்பனேட்டுக்குச் சமம். 50 மில்லி நீர் எடுத்திருந்தால் பியூரெட் அளவை 20-ஆல் பெருக்க வேண்டும். ஆளியாற்றிலிருந்து மூலத்தறை வழியாக வரும் வாய்க்கால் நீருக்கு 4.6 மில்லி ஆனது, அதாவது லிட்டருக்கு 92 மில்லிகிராம். திறந்த கிணறு 14.2 மில்லி, 284. போர் தண்ணீருக்கு 25 மில்லி மட்டும் எடுத்து டிஸ்டில்ட் வாட்டர் விட்டு இரட்டிப்பாக்கினேன். கடின நீரில் இழுத்துக்கொண்டே போனால் பஃபரின் காரத்தில் கால்சியம் கார்பனேட்டாகப் படிய ஆரம்பித்துவிடும், வேலையை ஐந்து நிமிடத்துக்குள் முடிப்பது நல்லது. 15.7 மில்லி, 40-ஆல் பெருக்க 628. குடிநீருக்கான இந்தியத் தரநிலையில் ஏற்கத்தக்க அளவு 200, வேறு நீர் கிடைக்காத இடத்தில் அதிகபட்சம் 600.

இந்த எண் ஃபுளோரைடைப் பற்றி எதுவும் சொல்லாது. சித்தூர் தாலுகாவின் கிழக்குப் பகுதியில் அது ஒரு நிஜமான பிரச்சினை. அதற்கு இந்த மேசை போதாது. அந்தப் பரிசோதனைக்குக் குடிநீர் ஆணையத்தின் ஆய்வகத்துக்கு மாதிரி கொடுக்க வேண்டும், கொடுக்கப் போகிறேன்.

கடைசியாகச் செய்தது கொதிக்க வைத்துப் பார்த்தது. முக்காலி, நடுவில் வெண்பூச்சு உள்ள கம்பி வலை, ஸ்பிரிட் விளக்கு. வலை சுடரைப் பரப்பிக் கொடுப்பதால் பீக்கரின் அடி ஒரே இடத்தில் சூடேறாது. போர் தண்ணீர் கொதிக்கக் கொதிக்கக் கலங்கி, வெள்ளைப் பொடி அடியில் இறங்கியது. ஆறவிட்டு, வடிதாளில் வடிகட்டி, ஆவியான அளவுக்கு டிஸ்டில்ட் வாட்டர் சேர்த்து மறுபடி அதே ஈடிடிஏ சோதனையைச் செய்தேன். 8.9 மில்லி, அதாவது 356. போன 272-ம் பைகார்பனேட்டால் வந்த தற்காலிகக் கடினத்தன்மை. தாளில் தங்கிய பொடியில் நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம் ஒரு சொட்டு விட்டேன், நுரைத்துக் கரைந்தது. சொட்டுநீர்க் குழாயின் வாயில் சுரண்டி எடுத்த கல்லும் அதே மாதிரி நுரைத்தது.

அடுத்ததாக வாய்க்கால் நீரையும் போர் தண்ணீரையும் தொட்டியில் வெவ்வேறு பங்கில் கலந்து, குழாயில் கல் பிடிப்பது எவ்வளவு குறைகிறது என்று பார்க்கப் போகிறேன். அதற்கு இன்னொரு 100 மில்லி அளவு ஜாடி வாங்க வேண்டும்.