மாடுலர் லோகோ: 512 வடிவங்களும் ஒரு ரப்பர் ஸ்டாம்ப்பும்

எங்கள் நிறுவனத்தின் புது லோகோவை எப்படிப் பயன்படுத்துவது என்று சொல்லும் பிராண்ட் கையேடு 90 பக்கம். அதில் ரப்பர் ஸ்டாம்ப்புக்கு ஒரு பக்கம்கூட இல்லை. எங்கள் வேலை முதலில் நின்றதே அந்த ஸ்டாம்ப்பில்தான்.

எங்களுக்கு நான்கு பிரிவுகள், தமிழ், ஆங்கிலம் என இரண்டு மொழிகள். லோகோ மாடுலர், அதாவது துண்டுகளை மாற்றி மாற்றி அடுக்குவது. 3 கட்டங்கள், 8 வடிவங்கள், எந்தக் கட்டத்திலும் எந்த வடிவமும் வரலாம், ஆக 512 லோகோ என்று டிசைன் நிறுவனம் கொடுத்திருந்தது. வடிவங்கள் ஒன்றன்மேல் ஒன்று படியும் இடத்தில் இரண்டு நிறமும் கலந்து மூன்றாவது நிறம் தெரியும். லோகோவின் உயிரே அந்தக் கலப்பில்தான். ஒற்றை மையில் அடித்தால் கலப்பு ஏது? மூன்று வடிவமும் ஒட்டி ஒரே கறுப்புத் திட்டாக வந்தது. டெலிவரி சலான், தெர்மல் பில், கூரியர் கவர் எல்லாவற்றிலும் அதே கதி.

படியும் ஓரங்களில் அரை மில்லிமீட்டர் வெள்ளைக் கோடு விட்டு எல்லா வடிவங்களையும் திரும்ப வரைந்தோம். கோடு அதைவிட மெல்லியதானால் ஸ்டாம்ப்பில் மை நிரம்பி அடைத்துவிடுகிறது. இதை முதல் வாரத்திலேயே கேட்டிருக்க வேண்டும். ஒற்றை நிறத்தில், 15 மில்லிமீட்டர் அகலத்தில் அடையாளம் தெரியாத எதற்கும் ஒப்புதல் கொடுக்காதீர்கள்.

அடுத்த சிக்கல் அந்த 512தான். உதாரணத்துக்கு, அமெரிக்காவின் எம்ஐடி மீடியா லேப் ஆய்வகம் 2011-இல் 40,000 வடிவங்கள் எடுக்கக்கூடிய லோகோவை அறிமுகம் செய்தது. 2014-இல் அதை மாற்றி, 7×7 கட்டம் ஒன்றை எல்லா ஆய்வுக் குழுக்களுக்கும் பொதுவாக்கினார்கள். அந்தக் கட்டம் அசையாது, அதற்குள் குழுவின் எழுத்துகள் மட்டும் மாறும். எத்தனை விதமாக மாறும் என்று கணக்குப் போடுவதற்கு முன்னால் எது மாறவே மாறாது என்று எழுதி வைக்க வேண்டும். எங்கள் கையேட்டில் அந்த ஒரு வரி இல்லை. அதனால் ஒவ்வொரு கிளையும் தனக்குப் பிடித்த மூன்று வடிவங்களை எடுத்துப் போட்டது, இரண்டு கிளைகளின் போர்டைப் பார்த்தவர்கள் இரண்டு கம்பெனி என்றே நினைத்தார்கள். இப்போது பெயரும் முதல் கட்டமும் நிரந்தரம். இரண்டாம் கட்டம் பிரிவுக்கு ஒன்று. மூன்றாவது மட்டும் பருவத்துக்கோ விளம்பரத்துக்கோ ஏற்ப மாறும். மொத்தம் 4 × 8 = 32. அதுவே தாராளம்.

தமிழில் பட்ட பாடு தனி. கையேடு ஆங்கிலப் பெரிய எழுத்தின் உயரத்தை வைத்துப் போட்டது. தமிழில் ‘கி’, ‘கீ’ போன்றவற்றின் விலங்கும் மெய்யெழுத்தின் புள்ளியும் மேலே போகும், ‘பு’, ‘சூ’ போன்றவை கீழே இறங்கும். 20 பிக்சல் எழுத்துக்கு 24 பிக்சல் வரி உயரம் என்று வைத்திருந்தார்கள். அதில் தமிழ் போட்டால் மேல்வரியின் கால் கீழ்வரியின் தலையில் இடிக்கிறது. 30 போதும், ஆனால் எல்லா வரி உயரமும் 8-இன் மடங்காக இருக்க வேண்டும் என்பது கையேட்டின் விதி. அதனால் 32 வைத்தோம். 96 பிக்சல் பெட்டியில் ஆங்கிலம் நான்கு வரி, தமிழ் மூன்று வரி, இரண்டுமே மிச்சமில்லாமல் உட்காருகின்றன. இந்த ஒரு கணக்கு சரியாக அமைந்தபோதுதான் மூச்சு வந்தது.

எழுத்திடைவெளி இன்னொரு பொறி. ஆங்கிலத் தலைப்புகளுக்கு இடைவெளி கூட்டி வைத்திருந்த ஸ்டைலையே தமிழுக்கும் போட்டதில் ‘கொ’ மூன்று துண்டாகப் பிரிந்தது: கொம்பு ஒரு பக்கம், ‘க’ நடுவில், கால் தள்ளி. தமிழுக்குத் தனி ஸ்டைல் வைத்து இடைவெளியைப் பூஜ்யமாக்குங்கள். ‘ரீடெய்ல்’ என்பதற்கு வெட்டிய பெட்டியில் ‘சில்லறை விற்பனை’ அடங்காது, ஆகவே பெயர்ப் பெட்டியை இரண்டு அகலங்களில் வைத்துக்கொள்வது நல்லது. அச்சகத்துக்குக் கர்வ் செய்த, அதாவது எழுத்துகளை வெறும் கோட்டு வடிவமாக மாற்றிய ஃபைலைத்தான் அனுப்ப வேண்டும். இல்லையென்றால் அவர்களிடம் உள்ள பழைய ஃபான்ட்டில் யூனிகோட் எழுத்து சிதறிவிடும். கர்வ் செய்வதற்கு முன் ஒற்று பாருங்கள். ‘தரக் கட்டுபாட்டு பிரிவு’ என்று இரண்டு ‘ப்’ விட்டுப்போய் விசிட்டிங் கார்டு அடித்தாகிவிட்டது, முழுக்கட்டும் வீண்.

மஞ்சள் கட்டத்தில் வெள்ளை எழுத்து கூடாது. எங்கள் மஞ்சளுக்கு எழுத்துக்கும் பின்னணிக்கும் உள்ள வெளிச்ச வேறுபாட்டு விகிதம் 1.6:1தான் வந்தது, சிறிய எழுத்துக்குத் தேவை 4.5:1. ஆண்ட்ராய்டு ஐகான் 108 டிபி (ஆண்ட்ராய்டின் திரை அளவு அலகு) சதுரம் என்றாலும் நடுவில் 66 டிபி விட்டமுள்ள வட்டத்துக்குள் இருப்பது மட்டுமே எந்தப் போனிலும் வெட்டுப்படாது. அங்கே மூன்று கட்டத்தையும் திணிக்காதீர்கள், முதல் கட்டம் மட்டும் போதும்.

கடைசியாக டிரேட்மார்க். ஆன்லைனில் ஒரு விண்ணப்பத்துக்கு, ஒரு வகுப்புக்கு (பொருள் அல்லது சேவை வகைக்கு) ₹9,000. உத்யம் சான்றிதழ் உள்ள சிறு நிறுவனத்துக்கு ₹4,500. 512 லோகோவையும் பதிவதென்றால் ஒரே வகுப்புக்கே ₹46,08,000 ஆகும். டிரேட்மார்க் சட்டத்தின் பிரிவு 15-இன்படி ஒத்த குறிகளைத் தொடராகச் சேர்த்துப் பதிய வழி உண்டு. ஆனால் அவை முக்கிய அம்சங்களில் ஒன்றுபோல இருந்து, நிறம், ஊர்ப்பெயர், விலை போன்ற சில்லறை விஷயங்களில்தான் வேறுபடலாம். வடிவமே மாறும் லோகோவை அதில் நம்பி ஏற்ற முடியாது. மாறாத பெயரையும் முதல் கட்டத்தையும் மட்டும், 8×8 சென்டிமீட்டருக்குள், கறுப்பு வெள்ளையில் கொடுத்தோம். நிற வரம்பு சொல்லாமல் பதிந்தால் எல்லா நிறத்துக்கும் பாதுகாப்பு கிடைக்கும்.

அதிலும் ஒரு தாள் விடுபட்டது. குறியில் தமிழ் எழுத்து இருந்தால் அதன் உச்சரிப்பை ஆங்கில எழுத்திலோ இந்தி எழுத்திலோ தர வேண்டும், பொருளையும் ஆங்கிலத்திலோ இந்தியிலோ தர வேண்டும், எந்த மொழி என்றும் குறிப்பிட வேண்டும். எங்கள் முகவர் இதைச் சேர்க்கவில்லை. விண்ணப்பம் முதல் சரிபார்ப்பிலேயே திருத்தம் கேட்டு நின்றது. விடுபட்டதை எழுதிக் கொடுத்த பிறகுதான் நகர்ந்தது.