ஸ்மூத்தியில் எதோடு எதைச் சேர்ப்பது: செய்து பார்த்த குறிப்புகள்

காலை உணவாக ஸ்மூத்தி குடிப்பது எனக்கு இப்போது பழகிப்போய்விட்டது. தொடங்கியபோது எதிர்பார்த்தது இவ்வளவுதான்: பத்து நிமிஷத்தில் வேலை முடிய வேண்டும், சத்து இருக்க வேண்டும், மதியம் வரை பசி எடுக்கக் கூடாது. மூன்றுமே நடக்கிறது. ஆனால் நல்ல பொருளாகப் பார்த்து ஜாரில் போட்டுவிட்டால் மட்டும் நடந்துவிடாது. சில பொருட்கள் ஒன்றுக்கொன்று துணை நிற்கும், சில ஒன்றையொன்று கெடுக்கும். இந்தச் சேர்மானம் பிடிபட்ட பிறகுதான் ஸ்மூத்தி உண்மையிலேயே ஒரு வேளைச் சாப்பாடாக மாறியது. அதைத்தான் இங்கே எழுதி வைக்கிறேன்.

முதல் கட்டத்தில் பழமும் பாலும் மட்டும்தான். ருசிக்குக் குறைவே இல்லை, ஆனால் பத்து மணிக்கெல்லாம் வயிறு கேட்க ஆரம்பித்துவிடும். கணக்குப் போட்டுப் பார்த்தால் காரணம் புரியும். நடுத்தர அளவு வாழைப்பழம் ஒன்றில் ஏறக்குறைய 105 கலோரி, 14 கிராம் சர்க்கரை, 3 கிராம் நார்ச்சத்து இருக்கின்றன. புரதம் 1 கிராம்தான் தேறும். இரண்டு பழம், அரை டம்ளர் பால், மேலே ஒரு கரண்டி தேன் என்று போனால் சர்க்கரை கிடுகிடுவென்று ஏறுகிறது, புரதம் பின்தங்கி நிற்கிறது. பிரிட்டனின் தேசிய சுகாதாரச் சேவை, பழச்சாறும் ஸ்மூத்தியும் சேர்ந்து ஒரு நாளைக்கு 150 மில்லியோடு நிறுத்திக்கொள்ளச் சொல்கிறது. எவ்வளவு குடித்தாலும் அன்றாடம் சாப்பிட வேண்டிய ஐந்து பங்கு காய்கனியில் அது ஒரு பங்காகத்தான் கணக்கில் வரும் என்றும் சொல்கிறது. வெறும் பழ ஸ்மூத்திக்கு இது நியாயமான எச்சரிக்கை என்றே நினைக்கிறேன். அதனால் பழத்தின் அளவை ஒரு கைப்பிடிக்குக் குறைத்தேன், தேனை நிறுத்தினேன். இனிப்பு போதாத நாட்களில் ஒரே ஒரு பேரீச்சம்பழம். நன்றாகப் பழுத்த பழமாக இருந்தால் அதுவும் தேவைப்படாது.

அப்புறம் அடித்தளம். இதில்தான் நான் அதிகம் மெனக்கெட்டேன். இப்போது நிலையாக வைத்திருக்கும் அளவு இது: பால் 150 மில்லி, நீர் வடித்த கெட்டித் தயிர் 100 கிராம், ஓட்ஸ் 30 கிராம், பொடித்த ஆளி விதை ஒரு மேசைக்கரண்டி. இதிலேயே புரதம் 20 கிராமை நெருங்கிவிடும், பாதாமோ வேர்க்கடலையோ கொஞ்சம் சேர்த்தால் தாண்டிவிடும். பால் ஒத்துக்கொள்ளாதவர்களுக்குச் சோயாப் பால் சரியாக வரும், புரதத்தில் பாலுக்கு நிகராக நிற்கும். பாதாம் பாலில் அந்த அளவு புரதம் கிடையாது.

ஓட்ஸை முதல் நாள் இரவே பாலில் ஊறப் போட்டுக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்துவிடுவேன். ஊறாமல் அரைத்தால் நாக்கில் மாவு நெருடும். ஊறியதை அரைத்தால் பாயசப் பதத்தில் வழுவழுவென்று வரும். அந்த வழுவழுப்பைத் தருவது ஓட்ஸிலுள்ள பீட்டா குளுக்கான் என்ற கரையும் நார்ச்சத்து. ஒரு நாளைக்கு 3 கிராம் பீட்டா குளுக்கான் தொடர்ந்து உடலில் சேர்ந்தால் கெட்ட கொலஸ்ட்ரால் குறைய உதவும். 30 கிராம் ஓட்ஸில் ஏறக்குறைய ஒரு கிராம் கிடைத்துவிடுகிறது. காலையிலேயே மூன்றில் ஒரு பங்கு ஆயிற்று.

ஆளி விதையை முழுதாகப் போட்டுப் பயனில்லை. அதன் தோல் கெட்டி, பெரும்பாலும் செரிக்காமலே வெளியேறிவிடும். ஸ்மூத்தியோடு சேர்த்து அரைத்தாலும் திரவத்தில் மிதந்து பாதி விதை பிளேடுக்குத் தப்பிவிடுகிறது. அதனால் சின்ன ஜாரில் தனியாக, ஈரமில்லாமல் பொடித்து வைத்துக்கொள்கிறேன். பொடித்த பிறகு அதிலுள்ள எண்ணெய் சீக்கிரம் சிக்கடித்துவிடும். கொஞ்சமாகப் பொடித்து, மூடிக் குளிரில் வைப்பது நல்லது. சியா விதை அப்படி இல்லை, தன் எடையைப் போலப் பத்து மடங்கு தண்ணீரை இழுத்துக்கொண்டு தானே இளகிவிடும். ஆனால் போட்ட கையோடு குடிக்கக் கூடாது, கால் மணி நேரமாவது ஊறட்டும்.

இப்போது வாழைப்பழ விஷயம். என்னை மிகவும் யோசிக்க வைத்தது இதுதான். பெர்ரிப் பழங்களில் ஃபிளேவனால் என்ற சத்துகள் உண்டு, கோகோவிலும் உண்டு. இதய நலத்துக்கு நல்லவை என்று ஆய்வாளர்கள் இவற்றைத் தொடர்ந்து ஆராய்ந்து வருகிறார்கள். வாழைப்பழத்திலோ பாலிஃபீனால் ஆக்சிடேஸ் என்ற நொதி ஏராளம். வெட்டி வைத்த வாழைப்பழம் கறுப்பதற்குக் காரணமும் இந்த நொதிதான், ஃபிளேவனாலைச் சிதைப்பதும் இதுதான். 2023இல் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாக ஆய்வாளர்கள் இந்த இரண்டையும் சேர்த்துக் குடிக்க வைத்துப் பார்த்தார்கள். ஃபிளேவனாலை மாத்திரையாக விழுங்கியபோது உடலில் சேர்ந்த அளவோடு ஒப்பிட்டால், வாழைப்பழ ஸ்மூத்தியோடு சேர்ந்தபோது 84 சதவீதம் குறைந்திருந்தது. இரண்டையும் தனித்தனியாக வைத்திருந்து ஒரே நேரத்தில் குடித்தபோதும் அளவு குறைந்தது. அதாவது வயிற்றுக்குள் போன பிறகும் நொதி தன் வேலையைத் தொடர்கிறது.

இதைப் படித்த பிறகு ஒரு பழக்கம் வந்துவிட்டது: வாழைப்பழம் போடும் நாளில் பெர்ரி இல்லை, பெர்ரி போடும் நாளில் வாழைப்பழம் இல்லை. பெர்ரிக்கும் கோகோவுக்கும் மாம்பழம், ஆரஞ்சு, அன்னாசி, தயிர் இவற்றைத் துணையாக வைக்கலாம், இவற்றில் அந்த நொதி குறைவு. வாழைப்பழத்தை ஓட்ஸ், வேர்க்கடலை, ஒரு சிட்டிகை பட்டைத்தூள் என்று தனியாக அரைத்தால் அது தனி ருசி. பொட்டாசியம், வைட்டமின் பி6 எல்லாம் அதில் அப்படியேதான் இருக்கின்றன, வாழைப்பழத்தை ஒதுக்க வேண்டிய தேவையே இல்லை. பெர்ரியும் வாழையும் சேர்ந்த ருசி பிடித்தவர்கள் தாராளமாகக் குடிக்கலாம். ஃபிளேவனாலுக்காகவே பெர்ரி போடுகிறவர்களுக்குத்தான் இந்தப் பிரிப்பு.

நொதி என்றதும் கிவியும் அன்னாசியும் நினைவுக்கு வருகின்றன. கிவியையும் தயிரையும் சேர்த்து அரைத்து, பாதியை உடனே குடித்துவிட்டு மீதியை எடுத்து வைத்துப் பார்த்தேன். முதல் வாய் இனிப்பும் புளிப்புமாக அருமையாக இருந்தது. அரை மணி கழித்து அதே டம்ளரை எடுத்தால் நாக்கின் பின்பக்கம் கசப்பு ஏறியது. கிவியில் ஆக்டினிடின், அன்னாசியில் புரோமெலைன், பப்பாளியில் பப்பைன் என்று புரதத்தைச் சிதைக்கும் நொதிகள் இருக்கின்றன. பால் புரதம் சிறு சிறு துண்டுகளாக உடையும்போது வருவதுதான் அந்தக் கசப்பு. பழத்தை உறைய வைப்பதால் நொதி போகாது, சூடு பட்டால்தான் செயலிழக்கும். ஆகவே இந்தப் பழங்களைப் போட்டால் அரைத்தவுடன் குடித்துவிடுகிறேன். கையில் எடுத்துப் போக வேண்டுமென்றால் தயிருக்குப் பதில் ஆரஞ்சுச் சுளையும் தண்ணீரும்.

கீரை சேர்ப்பதற்கு எனக்குக் கொஞ்சம் தயக்கம் இருந்தது. பாலக்கில் ஆரம்பித்தேன். ஒரு கைப்பிடி இளம் இலை, மாம்பழத்தோடு சேர்ந்தால் நிறம் மட்டும்தான் தெரியும், வாசனையே தெரியாது. இரகசியம் அரைக்கும் வரிசையில் இருக்கிறது: கீரையையும் திரவத்தையும் மட்டும் முதலில் அரைத்து, இலைத் துணுக்கே தெரியாத பச்சை நீரான பிறகு மற்றதைப் போட வேண்டும். எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டால் துணுக்கு பல்லில் சிக்கும். கீரையிலுள்ள இரும்புச்சத்தை உடல் எடுத்துக்கொள்ள வைட்டமின் சி உதவும், அதனால் கூடவே ஆரஞ்சு. பீட்டா கரோட்டின் சேரக் கொழுப்பு வேண்டும், அதனால் நாலு பாதாமோ கால் அவகாடோவோ. கால்சியம் இரும்பைத் தடுக்கும் என்பதால் கீரை நாளில் பாலையும் தயிரையும் குறைத்துக்கொள்கிறேன்.

ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். பாலக்கில் ஆக்ஸலேட் மிக அதிகம், சிறுநீரகத்தில் கல்லாகப் படியக்கூடிய பொருள் இது. உடலைச் சுத்தப்படுத்துவதாக நம்பி பச்சை ஸ்மூத்தியை நிறையக் குடித்த ஒரு பெண்ணுக்குச் சிறுநீரகம் பாதிக்கப்பட்டதை 2018இல் அமெரிக்கச் சிறுநீரக மருத்துவ இதழ் ஒன்று பதிவு செய்திருக்கிறது. அவருக்கு ஏற்கெனவே இரைப்பை அறுவை சிகிச்சை நடந்திருந்தது, நீண்ட நாள் ஆன்டிபயாட்டிக்கும் சாப்பிட்டிருந்தார். எல்லோருக்கும் அப்படி ஆகாது. ஆனாலும் தினமும் பச்சையாக அதே கீரை வேண்டாம், மாற்றி மாற்றிப் போடுங்கள். சிறுநீரகக் கல், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களும், ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் சாப்பிடுகிறவர்களும் மருத்துவரிடம் கேட்காமல் கீரை ஸ்மூத்தியில் இறங்கக் கூடாது.

அரைக்கும்போது காது கொடுத்துக் கேட்பேன். அடியில் திரவம், அதன் மேல் தயிரும் ஓட்ஸும், உச்சியில் உறைந்த பழம், இதுதான் வரிசை. முதலில் விட்டு விட்டு ஓட்டும்போது கடகடவென்ற சத்தம் வரும். பழம் உடைந்த பிறகு சத்தம் கனத்து ஒரே சீராகும். திடீரென்று சத்தம் மெலிந்து கீச்சென்று உயர்ந்தால் பிளேடைச் சுற்றிக் காற்று அடைத்துக்கொண்டது என்று அர்த்தம். மேலே உள்ளது அசையாமல் நிற்கும், மோட்டார் சும்மா சுற்றும். நிறுத்தி, கரண்டியால் ஒரு கிளறு கிளறி, இரண்டு கரண்டி பால் விட்டால் சரியாகிவிடும். பதம் வந்துவிட்டால் நடுவில் குழி விழுந்து, மேலே உள்ளதெல்லாம் அந்தக் குழிக்குள் இழுபட்டுப் போகும். அதற்குப் பிறகு அரை நிமிஷம் போதும். மேலும் ஓட்டினால் சூடேறி நுரைதான் மிஞ்சும்.

ஐஸ் கட்டி போடுவதை விட்டுவிட்டேன், கரைந்து நீர்த்துப்போகிறது. அதற்குப் பதில் பழத்தையே உறைய வைக்கிறேன். வாழைப்பழத்தைப் புள்ளி விழும் வரை பழுக்கவிட்டு, வில்லைகளாக நறுக்கி, தட்டில் ஒன்றோடொன்று ஒட்டாமல் பரப்பி உறைய வைத்து, பிறகு டப்பாவில் போட வேண்டும். நேராக டப்பாவில் போட்டால் கல்லு மாதிரி ஒரே கட்டியாகிவிடும். விடுமுறை நாளில் ஒரு வாரத்துக்கு வேண்டியதைப் பிரித்து வைத்துவிட்டால் காலை வேலை பாதியாகக் குறையும். ஜாரை மட்டும் உடனே அலசிவிடுங்கள், ஓட்ஸ் காய்ந்தால் தேய்த்து மாளாது.

கடைசியாக, குடிக்கும் வேகம். 1977இல் லான்செட் என்ற மருத்துவ இதழில் வந்த ஆய்வில் ஆப்பிளை முழுதாகவும் கூழாகவும் சாறாகவும் கொடுத்துப் பார்த்தார்கள். முழு ஆப்பிளைத் தின்பதைவிடப் பதினோரு மடங்கு வேகமாகச் சாறு உள்ளே போனது. வயிறு நிறைந்த உணர்வு முழு ஆப்பிளுக்கு அதிகம், கூழுக்கு அதற்கடுத்து, சாறுக்குக் குறைவு. அதே சமயம் 2022இல் வந்த இன்னொரு ஆய்வில், ஆப்பிளையும் பிளாக்பெர்ரியையும் முழுதாகத் தின்றபோது ஏறியதைவிட, விதையோடு அரைத்துக் குடித்தபோது ரத்தச் சர்க்கரை குறைவாகவே ஏறியிருக்கிறது. விதை அரைபடுவது காரணமாக இருக்கலாம் என்கிறார்கள். ஆக, அரைப்பதே கெடுதல் என்று சொல்லிவிட முடியாது. வடிகட்டாமல் விதையோடும் சக்கையோடும் வைத்துக்கொண்டு, மெதுவாக உள்ளே தள்ளினால் போதும். நான் இப்போது கெட்டியாக அரைத்துக் கிண்ணத்தில் ஊற்றி, மேலே உடைத்த பாதாம் தூவி, ஸ்பூனால் சாப்பிடுகிறேன். மெல்ல வேண்டியிருப்பதால் தானாகவே நேரம் பிடிக்கிறது.

இன்னும் ஒரு குறை பாக்கி இருக்கிறது. வாழைப்பழம் இல்லாத பெர்ரி ஸ்மூத்தியில் அந்தக் கொழகொழப்பு வருவதில்லை. அடுத்து, காலிஃபிளவரை வேகவைத்து உறைய வைத்து, பெர்ரியோடும் தயிரோடும் அரைத்துப் பார்க்கப் போகிறேன். வெந்ததில் நொதித் தொந்தரவு இருக்காது, சர்க்கரையும் குறைவு. ருசி எப்படி வருகிறது என்று பார்க்க வேண்டும்.