பத்து மணி நேரச் சூளையும் ஒரு மணி நேரக் கரண்டும்

அக்டோபர் 8, 2012, மதுரை

டாக்டரம்மா எங்கள் பல் லேபுக்கு அனுப்பிய கேஸ் இன்று வந்தது. மேல்வரிசை முன்பல் ஒன்று. ஆள் பஸ் கண்டக்டர். பழைய கேப்பில் உள்ளே மெட்டல் இருப்பதால் ஈறோரம் கறுப்புக் கோடு விழுந்திருக்கிறது. மெட்டல் இல்லாமல் செய்து தரவேண்டும். ஆனால் நாள் முழுக்க விசிலை முன்பல்லில் கடித்துக்கொண்டு நிற்கிற மனிதர். சாதாரண போர்சலின் வளைத்தால் 60, 70 மெகாபாஸ்கல் அழுத்தத்துக்கு மேல் தாங்காது. கண்ணாடி ஊட்டிய அலுமினாதான் (அலுமினியம் ஆக்சைடு) சரி என்றேன். அது 400-ஐத் தாண்டும்.

பிளாஸ்டரில் டை, அதாவது அந்தப் பல்லின் மாதிரி அச்சு, ஊற்றி வைத்துவிட்டேன். மற்றதெல்லாம் நாளைக்கு.

அக்டோபர் 9

அலுமினாத் தூளைக் கரைத்துப் பிரஷ்ஷால் டை மேல் பூசினேன். தொட்ட கணமே பிளாஸ்டர் தண்ணீரை இழுத்துக்கொள்கிறது, தூள் மட்டும் அடையாகப் படிகிறது. இடையில் கை நின்றால் முதல் பூச்சு காய்ந்துவிடும். அடுத்தது அதோடு சேராது. அந்த ஐந்து நிமிஷம் போன் அடித்தாலும் எடுப்பதில்லை.

அடுத்தது சூளை. டையில் இருக்கும் ஈரம் போக 120 டிகிரிக்கு ஆறு மணி நேரத்தில் மெல்ல ஏற்றவேண்டும். அங்கிருந்து 1120 டிகிரிக்கு இரண்டு மணி நேரம், அதிலேயே நிறுத்தி இன்னும் இரண்டு. மொத்தம் பத்து. இங்கே ஒரு மணி நேரம் கரண்ட் இருந்தால் அடுத்த ஒரு மணி நேரம் இல்லை. ஜெனரேட்டருக்கு டீசல் வாங்கி வைத்து ராத்திரி எட்டு மணிக்குப் போட்டேன்.

அக்டோபர் 10

போயிற்று. விடிகாலை மூன்று மணிக்குக் கரண்ட் நின்றது, ஜெனரேட்டர் உடனே பிடிக்கவில்லை. சூடு ஏறிக்கொண்டிருந்த நேரத்தில் சூளை இறங்கிவிட்டது. மறுபடி ஏற்றி முடித்துக் காலையில் எடுத்து, விரிசல் இருந்தால் அதில் இறங்கிக் காட்டும் சாயத்தைத் தொட்டுப் பார்த்தேன். விளிம்பிலிருந்து மேலே மயிரிழையாக ஒரு கோடு. விரலால் லேசாக அழுத்தியதும் இரண்டானது.

உடைந்த சில்லைத் தம்பியிடம் கொடுத்து நாக்கில் வைக்கச் சொன்னேன். புதுச்சட்டி ஓடு போல ஒட்டிக்கொண்டது. உள்ளே எவ்வளவு ஓட்டை இருக்கிறது என்று அவனுக்கு அப்போதுதான் புரிந்தது. அலுமினா முழுசாக இறுக 1600 டிகிரி பக்கம் போகவேண்டும், அப்போது நன்றாகச் சுருங்கிவிடும். 1120-ல் அலுமினாத் தூளின் மணிகள் ஒன்றையொன்று தொடும் இடத்தில் மட்டும் ஒட்டும். சுருக்கம் நூற்றுக்கு அரைகூட இல்லை. கேப் பல்லில் கச்சிதமாக உட்காருவது அதனால்தான். கையோடு சாக்பீஸ் மாதிரி பொடிவதும் அதனால்தான்.

பாரிஸில் மிக்கேல் சாதூன் என்ற பல் மருத்துவர் 1980-களில் இந்த ஓட்டைகளைக் குறையாகப் பார்க்கவில்லை, கண்ணாடிக்கு வழியாகப் பார்த்தார். அதற்கு முன் 1965-லேயே இங்கிலாந்தில் மெக்லீனும் ஹியூஸும் போர்சலினுக்குள் அலுமினாத் தூளைக் கலந்து பலம் ஏற்றியிருந்தார்கள். ஆனால் அதில் கண்ணாடிக்குள் அலுமினா மிதந்தது. சாதூன் முதலில் அலுமினாவைக் கட்டிவிட்டுப் பிறகு கண்ணாடியை விட்டார். என் தொழிலில் நான் பார்த்த யோசனைகளில் இதைவிட அழகானது எனக்குத் தெரியவில்லை.

மறுபடி பூசிச் சூளையில் வைத்தாயிற்று. இன்று நானே பக்கத்தில் படுக்கிறேன்.

அக்டோபர் 11

விரிசல் இல்லை. சாயம் எங்கும் கோடாக இறங்கவில்லை.

மதியம் கண்ணாடித் தூளைத் தண்ணீரில் குழைத்து மேலே பூசினேன். ஒரு மூலையைப் பூசாமல் விடவேண்டும். உள்ளே இருக்கும் காற்று வெளியேற அதுதான் வாசல். 1100 டிகிரியில் நான்கு மணி நேரம். லாந்தனம் என்ற தனிமம் சேர்ந்த கண்ணாடி அந்தச் சூட்டில் நன்றாக இளகும், திரி எண்ணெயை இழுப்பது போல அலுமினா அதை இழுத்துக்கொள்ளும். ஆறும்போது கண்ணாடி அலுமினாவைவிடக் கொஞ்சம் குறைவாகச் சுருங்குவதால் இறுக்கத்திலேயே இருக்கும். விரிசல் அதைப் பிளந்து போவது கடினம். பிளந்தாலும் எதிரே அலுமினா மணி நிற்கும், அதைச் சுற்றித்தான் போகவேண்டும்.

ராத்திரி எடுத்தபோது வெள்ளைச் சுண்ணாம்பாகப் போனது பல்லின் உள்நிறத்தோடு வந்திருந்தது. விளக்குக்கு நேரே பிடித்தேன். விளிம்போரம் மிளகளவு வெள்ளைப் புள்ளி. அங்கே கண்ணாடி போய்ச் சேரவில்லை. அப்படியே கொடுத்தால் யாருக்கும் தெரியாது, மேலே போர்சலின் மூடிவிடும். ஆனால் உடைந்தால் அங்கேதான் உடையும். கொஞ்சம் கண்ணாடி வைத்து இன்னொரு சூடு.

அக்டோபர் 13

புள்ளி போய்விட்டது. மிச்சக் கண்ணாடியை வைரக்கல்லால் எடுத்து, 50 மைக்ரான் அலுமினா மணலை ஊதிச் சுத்தம் செய்தேன். மேல்பூச்சு போர்சலின் நேற்று முடிந்தது. பக்கத்துப் பல்லின் நுனியில் இருக்கும் லேசான மஞ்சளையும் கொண்டுவந்திருக்கிறேன்.

தம்பியிடம் டப்பாவைக் கொடுக்கும் முன் டாக்டரம்மாவுக்குச் சீட்டு எழுதி வைத்தேன்: "ஒட்டுவதற்காக உள்பக்கத்தைச் சொரசொரப்பாக்க ஆசிட் வேண்டாம் மேடம், இதில் பிடிக்காது. மணல் ஊதியே அனுப்பியிருக்கிறேன். கை படாமல் ஒட்டுங்கள்."