செல்லமா கூப்பிடறதுக்கு முன்னாடி

லவ் பண்ற புதுசுல பாப்பா, அம்மு, தங்கம்னு இஷ்டத்துக்கு கூப்பிடறோம்ல, அதை எதிர்ல இருக்கறவங்க எப்படி எடுத்துக்கறாங்கன்னு யாருமே கேக்கறதில்ல. மதுரைப் பக்கத்துப் பொண்ணு 'மாமா'ன்னு கூப்பிட்டா பெரும்பாலும் கல்யாணம் வரைக்கும் மனசுல முடிவு பண்ணிட்டான்னு அர்த்தம், அங்க முறைப்பையனை அப்படித்தான கூப்பிடுவாங்க, ஆனா சென்னைல வளர்ந்த பையனுக்கு அது அப்பாவோட ஃப்ரெண்டை கூப்பிடற மாதிரி இருக்கும், இல்லன்னா வசவாவே கேக்கும். 'டி' சில பொண்ணுங்களுக்கு உரிமை, எனக்கு வீட்ல அதட்டின சத்தம்தான் ஞாபகம் வரும் (அதுக்கு 'டா'வே தேவலாம்). அப்புறம் இந்த 'தங்கம்', சிலர் ஆஃபீஸ்ல எல்லாரையும் அப்படித்தான் கூப்பிடுவாங்க, கேக்கறவ அதை நம்பி மனசுக்குள்ள வாழ்ந்தே முடிச்சிருப்பா, ரொம்ப கொடுமைங்க அது. பிடிக்கலன்னு சொன்னா 'இதுக்குப் போய் கோவமா'ன்னு மட்டும் கேக்காதீங்க ப்ளீஸ்.