பிடியைக் கேட்டார்கள், பட்டியலைச் சொன்னேன்

ஊட்டியில் எம்.ஃபார்ம் மருந்தியல் படித்த காலத்தில், கூடலூர் வீட்டுக்குப் போகும் பேருந்தில், நடுவட்டத்து வளைவுகளில் புத்தகம் விரித்தால் தலை சுற்றும் என்பதால், செல்கள் ஒன்றையொன்றும் சுற்றுப்புறத்தையும் பற்றிக்கொள்ள உதவும் செல் ஒட்டு மூலக்கூறுகளின் பெயர்களை வாய்க்குள்ளேயே உருப்போட்டு வந்தேன். வாய்மொழித் தேர்வில், நாட்பட்ட மைலாய்டு லுக்கேமியா என்ற ரத்தப் புற்றுநோயில் முதிராத செல்கள் எலும்பு மஜ்ஜையை விட்டு ஏன் வெளியேறுகின்றன என்று கேட்டபோது, இன்டெக்ரின், செலக்டின், காட்ஹெரின் என்று ஒப்பித்தேன். “பட்டியல் வேண்டாம்மா, பிடி எங்கே தளருது, அதைச் சொல்லுங்க” என்றார் தேர்வாளர். நான் வாயடைத்து நின்றேன்.

இந்த நோயை உண்டாக்கும் பிசிஆர்-ஏபிஎல் என்ற பிறழ்ந்த புரதம், பீட்டா-1 இன்டெக்ரின் செல்லின் மேற்பரப்பில் இருக்கும்போதே அதன் பிடிமானத்தைக் குன்றச் செய்கிறது என்பதுதான் அவர் எதிர்பார்த்த விடை. தீவிர மைலாய்டு லுக்கேமியாவிலோ நிலைமை ஏறக்குறைய நேர்மாறானது: விஎல்ஏ-4 இன்டெக்ரின், மஜ்ஜையின் ஸ்ட்ரோமா எனும் தாங்கு செல்களிலுள்ள விகேம்-1 என்ற மூலக்கூறையும் சுற்றியுள்ள ஃபைப்ரோநெக்டின் புரதத்தையும் பற்றிக்கொள்ள, அந்தப் பிடியிலிருந்தே உயிர்வாழும் சமிக்ஞைகள் கிடைப்பதால், கீமோதெரபிக்குத் தப்பிய சில செல்கள் பின்னர் நோய் மீள்வதற்கு வித்தாகின்றன. ஆகவே எந்த மூலக்கூறைப் படித்தாலும், எந்த நோயில், எதைப் பிடிக்கிறது, விட்டால் என்ன ஆகும் என்று சேர்த்தே படியுங்கள்.

சிகிச்சைப் பகுதியில்தான் மதிப்பெண் அதிகம் நழுவுகிறது. மழைக்காலத்தில் காலில் ஏறிய அட்டையைப் பிய்க்காமல் உப்பு வைத்து விடுவிப்பது எங்கள் ஊர் வழக்கம். செல்களை மஜ்ஜையிலிருந்து கிளப்பி, பிறகு மருந்தால் தாக்கலாம் என்ற எண்ணமும் அதைப் போன்றதே. ஆனால் அப்படிக் கிளப்பும் மருந்தாக 2008இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற ப்ளெரிக்ஸாஃபார், லிம்ஃபோமா, மைலோமா என்ற வேறு புற்றுநோய்கள் உள்ளவர்களிடம் குருத்தணு (ஸ்டெம் செல்) சேகரிப்பதற்கானதே தவிர, லுக்கேமியா மருந்தன்று. அது தடுக்கும் சிஎக்ஸ்சிஆர்4, செல்களை ஈர்க்கும் கீமோகைன் சமிக்ஞையை வாங்கும் ஏற்பியே அன்றி ஒட்டு மூலக்கூறன்று. இந்த இரண்டையும் குழப்பாதவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை. இ-செலக்டின் என்ற ஒட்டு மூலக்கூறைத் தடுக்கும் யூப்ரோலெசெலான் மருந்தும், மீண்டுவந்த தீவிர மைலாய்டு லுக்கேமியாவில் நடந்த மூன்றாம் கட்டச் சோதனையில் ஆயுளைக் குறிப்பிடத்தக்க அளவு நீட்டவில்லை என்று 2024இல் அறிவிக்கப்பட்டது. தோல்வியையும் விடையில் எழுதுங்கள்.

இப்ரூட்டினிப் என்ற மருந்தைத் தொடங்கிய முதல் வாரங்களில், நாட்பட்ட லிம்ஃபோசைட்டிக் லுக்கேமியா நோயாளியின் ரத்தத்தில் லிம்ஃபோசைட்டுகள் எனும் வெள்ளணுக்கள் பெருகுவது ஏன் என்ற கேள்வியை நான் மிகவும் விரும்புகிறேன். நிணநீர்க் கணுவில் பிடி தளர்ந்த செல்கள் ரத்தத்துக்கு வருகின்றன. நோய் முற்றியது என்று எழுதினால் விடை தவறு. எழுத்துத் தேர்வில் இதே கேள்வி வந்தபோது, கணுவையும் ரத்தக்குழாயையும் வரைந்து, இடையே ஓர் அம்புக்குறி போட்ட பிறகே விளக்கத்தைத் தொடங்கினேன்.