இன்குபேட்டருக்குள் கை வைத்த நாட்கள்

29ஆவது வாரத்திலேயே என் மகள் பிறந்துவிட்டாள். எடை 1,140 கிராம். மறுநாள் சக்கர நாற்காலியில் போய்ப் பார்த்தபோது, முதலில் கண்ணில் பட்டது இன்குபேட்டரின் உள்சுவரில் கோத்திருந்த நீர்த்துளிகள்தான். பழுதோ என்று பதறினேன். குறைமாதக் குழந்தையின் மெல்லிய தோல் வழியே உடம்பின் நீரும் சூடும் வெளியேறிவிடும், அதனால்தான் உள்ளே ஈரக் காற்று என்று செவிலியர் விளக்கினார். வயிற்றில் ஒட்டியிருந்த உணரி தோலின் வெப்பத்தை அளக்க, அதற்கேற்பப் பெட்டி தானாகவே சூட்டைக் கூட்டிக் குறைத்தது.

பக்கத்துத் துளை வழியே கையை விட்டு ஆசையாக முதுகை வருடினேன். கைகால்களை விரித்துத் துடித்துப்போனாள். திரையில் ஆக்சிஜன் அளவு 93இலிருந்து 84க்கு இறங்கியது. "வருடாதீங்கம்மா. ஒரு கை தலையில், ஒரு கை பாதத்தில், அசைக்காமல் வையுங்கள்" என்றார் செவிலியர். வைத்தேன். அவள் தலை முழுவதும் என் உள்ளங்கையில் அடங்கியது. மெல்ல மெல்ல எண் ஏறியது. இதை முதல் நாளே எல்லாப் பெற்றோருக்கும் சொல்லிவிட வேண்டும். இவ்வளவு சிறிய குழந்தைக்கு மென்மையான வருடல்கூடத் தாங்காது; அசையாத கைதான் ஆறுதல்.

பால் விஷயத்திலும் நான் அறியாதவளாகவே இருந்தேன். முதல் நாள் பீய்ச்சியதில் சில துளி சீம்பால்தான் வந்தது. கொடுக்கவே கூசினேன். செவிலியர் ஒரு துளியையும் விடாமல் சிரிஞ்சில் எடுத்து அவள் கன்னத்தின் உட்புறம் தடவினார். பிறகு இரண்டு மணி நேரத்துக்கு ஒரு மில்லி, வாய்வழிக் குழாயில். முதல் வாரத்தில் எடை 1,030 வரை இறங்கியது. குறைவது இயல்புதான் என்றார்கள், ஆனாலும் அழுதேன். பிறந்த எடையை எட்ட இரண்டு வாரம் ஆனது.

இடையிடையே மூச்சுவிட மறந்துவிடுவாள். அலாரம் அடிக்கும், உள்ளங்காலைச் சுண்டுவார்கள், மூச்சு திரும்பும். அதற்கு மருந்தாகக் கொடுத்தது காபியில் இருக்கும் அதே கஃபீன். மஞ்சள் காமாலைக்கு நீல விளக்கு, நான்காம் வாரம் விழித்திரைப் பரிசோதனை. கண் பரிசோதனையைத் தயவுசெய்து யாரும் தவறவிடாதீர்கள்.

12ஆம் நாள் என் வெறும் மார்பின் மீது அவளைப் படுக்க வைத்தார்கள். பெட்டியை விட்டு எடுத்தால் குளிராதா என்று கேட்டேன். இன்குபேட்டர் பற்றாக்குறையால் 1970களின் இறுதியில் கொலம்பியாவின் போகோட்டாவில் தொடங்கிய கங்காரு முறை இது என்றார் மருத்துவர். ஒரு மணி நேரம் கழித்து அளந்தபோது 36.8 டிகிரி. என் உடம்பின் சூடே அவளுக்குப் போதுமாக இருந்தது. அன்றுதான் நான் அவளுக்கு அம்மா ஆனதாக உணர்ந்தேன்.

ஆறாவது வார முடிவில் 1,700 கிராம். பெட்டியின் சூட்டைப் படிப்படியாகக் குறைத்து, சட்டை, தொப்பி, காலுறை போட்டுத் திறந்த தொட்டிலுக்கு மாற்றினார்கள். இரவு முழுக்க அவள் பாதத்தைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தேன். வெதுவெதுப்பாகவே இருந்தது. எதிரே அவளுடைய பெட்டியை அடுத்த குழந்தைக்காகத் துடைத்துக்கொண்டிருந்தார்கள்.