265/65-இலிருந்து 265/70-க்கு: வலது பக்கம் மட்டும் உரசுகிறது

ஸ்டீயரிங்கை வலது பக்கம் முழுக்க வெட்டி யூ-டேர்ன் அடிக்கும்போது, இடையில் பிரேக்கில் கால் வைத்தால் 'சர்ர்' என்று ஒரு சத்தம். நேர் ரோட்டில் இல்லை. இடது லொக்கில், அதாவது இடப்பக்கம் முழுக்க வெட்டினாலும், இல்லை. பாரம் ஏற்றினாலும் இல்லை. ஹைலக்ஸ் ரெவோ டபுள் கெப், தொழிற்சாலை டயர் அளவு 265/65ஆர்17 (அகலம் 265 மில்லிமீற்றர், சுவர் உயரம் அதில் 65 வீதம், ரிம் விட்டம் 17 அங்குலம்), ரிம் அகலம் 7.5 அங்குலம். இப்போது ஏறியிருப்பது எல்டி (பாரம் ஏற்றும் வண்டிக்கான லைட் ட்ரக் ரகம்) 265/70ஆர்17. இலங்கையில் வாகன இறக்குமதி 2020 மார்ச்சிலிருந்து 2025 வரை நின்றிருந்ததில், இருக்கிற கெப்பையே பார்த்துக்கொள்ளும் பழக்கம் எல்லாருக்கும் வந்துவிட்டது. காசெல்லாம் டயருக்கும் ஷொக் அப்சோபருக்கும்தான் போகிறது.

கணக்கில் இது சின்ன மாற்றம். பழையது 776 மில்லிமீற்றர் விட்டம், புதியது 803. வண்டி 13 மில்லிமீற்றர் உயரும், சுற்றளவு 3.4 வீதம் கூடும். 285/70 போட்டால் 831, அதாவது 7 வீதம். லிப்ட் கிட் இல்லாமல் அதை நினைக்கவே வேண்டாம். ஒன்று மட்டும் கவனம்: டயர்ச் சுவரில் எழுதியிருப்பது பெயரளவுதான். ஒரே எண் போட்ட இரண்டு கம்பனி டயர்களைப் பக்கத்தில் நிறுத்தினால் உயரத்திலும் தோள் அகலத்திலும் வித்தியாசம் கண்ணுக்கே தெரியும். 265 என்பதும் 8 அங்குல ரிம்மில் அளந்த அகலம். 7.5-இல் 260 அளவுக்கு ஒடுங்கும். சேற்றுப் பாதைக்கான மட் டெரெய்ன் டயரின் தோள் கட்டைகள் வெளியே தள்ளி நிற்பதால் உரசுவது பெரும்பாலும் அவைதான்.

கொழும்பு பஞ்சிகாவத்தையில் எந்த வாகன உதிரிப்பாகக் கடையில் கேட்டாலும் முதல் வார்த்தை "பத்து பிளை இருக்கு, பயப்பட வேணாம்". பிளை (டயருக்குள் இருக்கும் அடுக்கு) எண்ணிக்கையை விடுங்கள், பார்க்க வேண்டியது லோட் இன்டெக்ஸ், டயர் சுமக்கும் பாரத்தைக் குறிக்கும் எண். பழைய டயரில் 112, அதாவது ஒரு டயருக்கு 1120 கிலோ. புதியதில் 121/118. 118 இரட்டைச் சில்லுக்கு; ஒற்றைச் சில்லுக்கு 121, அதாவது 1450 கிலோ. ஆனால் அந்த 1450 கிலோ 80 பிஎஸ்ஐ காற்றுக்கு. கதவோரத் தகட்டில் இருக்கும் 29 பிஎஸ்ஐயை எல்டி டயருக்கு அடித்தால் அது பழைய டயர் சுமந்த பாரத்தைக்கூட சுமக்காது. சுவர் வளைந்து சூடாகும். இந்த வண்டியில் முன்னுக்கு 36, வெறும் கெப்புக்குப் பின்னுக்கு 34, பாரத்துக்கு 50 என்று சோக்கட்டியால் கோடு போட்டு ஓட்டிப் பார்த்து முடிவானது. நடுக்கோடு மட்டும் அழிந்தால் காற்று கூட, ஓரங்கள் மட்டும் அழிந்தால் குறைவு. டயர்ச் சுவரில் இருக்கும் டிஓடி எண்ணின் (தயாரிப்பு எண்) கடைசி நான்கு இலக்கத்தையும் வடிவாகப் பாருங்கள். 1823 என்றால் 2023-இன் 18-ஆவது வாரம். கறுப்புப் பொலிஷ் பூசி மினுக்கி வைத்திருக்கும் பழைய ஸ்டொக் இருக்கிறது.

இனி உரசல். எங்கே எவ்வளவு இடைவெளி என்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. ஜெக் வைத்துத் தூக்கினால் சஸ்பென்ஷன் தொங்கும், அந்த அளவு பொய். பிள்ளைகள் விளையாடும் பிளாஸ்டிசினை இரண்டு சென்ரிமீற்றர் உருண்டைகளாக லைனரில் (சில்லுக்கு மேலே உள்ள பிளாஸ்டிக் மறைப்பு) நான்கு இடத்தில் ஒட்டி, முழு லொக்கில் மெதுவாக உருட்டி, பிரேக் மிதித்து, பிறகு இறங்கி நசுங்கியதை அளப்பதுதான் வழி. இடது பக்கம் ஆகக் குறைந்தது 11 மில்லிமீற்றர் மிச்சம். வலது பக்கம் கீழ் மூலை உருண்டையில் டயர்க் கட்டையின் அச்சு அப்படியே பதிந்து, நடுவில் லைனரே தெரிந்தது.

ஏன் வலது மட்டும்? சில்லுகளின் கோணங்களை அளந்த அலைன்மென்ட் தாளில் விடை இருந்தது. காஸ்டர் (சில்லு திரும்பும் அச்சு பின்னுக்குச் சாயும் கோணம்) இடது 3.1 பாகை, வலது 2.6. மழைத்தண்ணி வடிய ரோட்டை இடது ஓரத்துக்குச் சரித்துத்தான் போடுகிறார்கள். வண்டி இடப்பக்கம் இழுக்காமலிருக்க, வலது காஸ்டரைக் கொஞ்சம் குறைத்து வைப்பது வேலைக்காரர்களின் வழக்கம். காஸ்டர் குறைந்தால் சில்லு பின்னுக்கு நிற்கும். பிரேக் மிதிக்கும்போது, சில்லைத் தாங்கும் கீழ் ஆர்மின் இறப்பர் புஷ்சும் பின்னுக்கு நசியும். இரண்டும் சேர்ந்தால் உரசாமல் என்ன செய்யும்?

கீழ் ஆர்மின் முன் கேம் போல்ட்டை (ஆர்மை நகர்த்தும் சரிசெய்யும் போல்ட்) உள்ளேயும் பின் கேமை வெளியேயும் திருப்பினால் சில்லு முன்னுக்கு வரும். முதலில் வலது பக்கத்தை மட்டும் 3.1-க்கு ஏற்றியது பிழை. உரசல் குறைந்தது, வண்டி இடது ஓரத்துக்கு இழுக்கத் தொடங்கியது. வித்தியாசத்தைக் காப்பாற்றி இடது 3.6, வலது 3.1 என்று வைத்த பிறகுதான் நேராக ஓடுகிறது. சில்லு முன்னுக்கு வந்தது 5 மில்லிமீற்றருக்குக் கிட்ட. கேம்பர் (சில்லு உள்ளே வெளியே சாயும் கோணம்) கெடாமல் இதற்கு மேல் கேமில் இடமில்லை.

மிச்சத்துக்கு ஹீட் கன், சூடான காற்று அடிக்கும் கருவி. லைனரை வெட்டாதீர்கள், வெட்டிய ஓட்டையால் சேறு உள்ளே போய்த் தங்கி வண்டியின் பொடித் தகடு துருப்பிடிக்கும். கிளிப்பைக் கழற்றி, பிளாஸ்டிக் மினுங்கத் தொடங்கும் வரை சூடாக்கி, மரக்கட்டையால் உள்ளே அமுக்க வேண்டும். சூட்டோடு கையை எடுத்தால் பழைய இடத்துக்கே திரும்பும், முதல் தடவை அதுதான் நடந்தது. இரண்டாம் தடவை ஈரத்துணியைப் போட்டு நன்றாக ஆறும் வரை அமுக்கிப் பிடித்ததில் நின்றது. இப்போது பிளாஸ்டிசின் சொல்வது 4 மில்லிமீற்றர். கேற்றடிக் கானில் சில்லு விழுந்து எழும்பும்போது இன்னும் ஒரு முனகல் இருக்கிறது.

தெற்கு அதிவேகப் பாதையில் மீற்றர் 100 காட்டும்போது ஜிபிஎஸ் முன்பு 95, இப்போது 98. அதற்குமேல் பெரிய டயருக்குப் போனால் மீற்றர் குறைத்துக் காட்டும், அபராதத் துண்டு வாங்க நேரும். 5000 கிலோமீற்றர் சேர்விஸ் என்பதும் உண்மையில் 5170. டயர் ஒவ்வொன்றும் 4, 5 கிலோ கூட என்பதால் கடுகண்ணாவை ஏற்றத்தில் முன்னைவிட ஒரு கியர் முந்தியே இறக்க வேண்டியிருக்கிறது.

அடுத்த யோசனை 16 அங்குல ரிம்மில் 265/70. விட்டம் 777, பழைய அளவேதான், சுவர் மட்டும் உயரம். 6 போல்ட், 139.7 பிசிடி (போல்ட் வட்டத்தின் விட்டம், மில்லிமீற்றரில்), ஒப்செட் (ரிம் நடுக்கோட்டிலிருந்து பொருத்தும் முகம் தள்ளியிருக்கும் தூரம்) +30 என்று பார்த்து ஒரு ரிம்மை மட்டும் இரவல் வாங்கி, பிரேக் கலிப்பரில் முட்டுகிறதா என்று கையால் சுற்றிப் பார்த்துவிட்டுத்தான் விலை பேச வேண்டும்.

ஸ்பெயர் இன்னும் பழைய 265/65தான், ஐந்தாவது டயர் வரவில்லை. அதுவரை பின் டயர் பஞ்சரானால் ஸ்பெயரை நேராகப் பின்னுக்குப் போட வேண்டாம், இரண்டு சில்லும் வேறு வேறு வேகத்தில் சுற்றுவதால் பின் டிஃபரன்ஷியல் ஓய்வில்லாமல் வேலை செய்யும். முன் சில்லொன்றைப் பின்னுக்கு மாற்றி, ஸ்பெயரை முன்னுக்குப் போட்டு, 2எச்சிலேயே (பின் சில்லு இழுவை மட்டும்) ஓட்டவும். நான்கு சில்லு இழுவையில் போடவே கூடாது.